3 புள்ளிகள் குறைந்தால் 20 ஆண்டு சேவை என்னவாகும்? அமெரிக்க ரிசர்வ் படையினரின் ஓய்வூதியப் பதிவேடும் திருத்த நடைமுறையும்

புது தில்லி: வார நாள்களில் வங்கியிலோ பள்ளியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ வேலை; மாதத்தில் ஒரு வார இறுதியில் சீருடை; ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு வாரப் பயிற்சி முகாம். அமெரிக்காவின் ரிசர்வ் படைகளிலும், நேஷனல் கார்டு எனப்படும் மாகாணப் படைகளிலும் பணியாற்றுவோரின் வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது. போரின்போதும் பேரிடரின்போதும் முழுநேரப் பணிக்கு அழைக்கப்படும் இவர்களுக்கும் ஓய்வூதியம் உண்டு. ஆனால், அந்த ஓய்வூதியத்தைத் தீர்மானிப்பது சீருடை அணிந்திருந்த ஆண்டுகளின் எண்ணிக்கை மட்டும் அன்று. அந்த ஆண்டுகளில் ஈட்டிய புள்ளிகள்.

புள்ளிகளைப் பதிவு செய்யும் ஏட்டில் ஒரே ஒரு தாள் விடுபட்டாலும் ஓர் ஆண்டின் சேவை கணக்கில் இல்லாமல் போகக்கூடும். ஓர் ஆண்டு இல்லாமல் போனால், 20 ஆண்டுகள் பணியாற்றியவர் பதிவேட்டில் 19 ஆண்டுகள் பணியாற்றியவராகவே நிற்பார். 19 ஆண்டு சேவைக்கு வழக்கமான ரிசர்வ் ஓய்வூதியம் கிடையாது. பதிவேட்டைத் திருத்தும் நடைமுறை ஒரு வீரருக்கு எவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

புள்ளிகள் சேரும் விதம்

அமெரிக்காவில் ரிசர்வ் படைப் பிரிவுகள் ஏழு. ராணுவ ரிசர்வ், ராணுவ நேஷனல் கார்டு, கடற்படை ரிசர்வ், மரைன் ரிசர்வ், விமானப்படை ரிசர்வ், விமான நேஷனல் கார்டு, கடலோரக் காவல்படை ரிசர்வ் ஆகிய ஏழுக்கும் பொதுவான ஓய்வூதிய முறையை 1948இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் ஏற்படுத்தியது. அதன் அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

படையில் உறுப்பினராக இருப்பதற்காகவே ஆண்டுக்கு 15 புள்ளிகள் வழங்கப்படுகின்றன. நான்கு மணி நேரப் பயிற்சி அமர்வு ஒன்றுக்கு ஒரு புள்ளி. ஒரு வார இறுதியில் இப்படி நான்கு அமர்வுகள் நடைபெறும் என்பதால், 12 மாதங்களுக்கு 48 புள்ளிகள் கிடைக்கும். முழுநேரப் பணியில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. ஆண்டுப் பயிற்சி முகாமின் நாள்களும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. அனுமதிக்கப்பட்ட தொலைநிலைப் படிப்புகளுக்கும் புள்ளிகள் உண்டு. மறைந்த முன்னாள் படைவீரரின் இறுதிச் சடங்கில் தேசியக் கொடியை மடித்துக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கும் மரியாதைப் பணிக்கு, அந்த நாளுக்கென ஒரு புள்ளி வழங்கப்படுகிறது.

ஓர் ஆண்டில் 50 புள்ளிகள் சேர்ந்தால் அது தகுதி ஆண்டு. இத்தகைய 20 தகுதி ஆண்டுகளை நிறைவு செய்தவர் ஓய்வூதியத்துக்கு உரியவராகிறார். 49 புள்ளிகள் மட்டுமே பெற்ற ஆண்டின் புள்ளிகள் மொத்தத் தொகையில் சேர்க்கப்படும். ஆனால் அந்த ஆண்டு 20இல் ஒன்றாக எண்ணப்படாது. முழுநேரப் படைவீரர் ஓய்வு பெற்ற உடனேயே ஓய்வூதியம் பெறத் தொடங்குகிறார். ரிசர்வ் வீரரோ பொதுவாக 60 வயது வரை காத்திருக்க வேண்டும்.

இங்கே பலரைத் தடுமாற வைப்பது 'ஆண்டு' என்ற சொல். அது ஜனவரியில் தொடங்கும் நாள்காட்டி ஆண்டும் அன்று, அக்டோபரில் தொடங்கும் அமெரிக்க நிதியாண்டும் அன்று. ஒவ்வொரு வீரருக்கும் அவர் படையில் சேர்ந்த தேதியிலிருந்து ஓய்வூதிய ஆண்டு தொடங்குகிறது. பயிற்சி அட்டவணையோ நிதியாண்டை ஒட்டியே வகுக்கப்படுகிறது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் சிக்கல் முளைக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு

2003 ஆகஸ்ட் 17 அன்று ராணுவ ரிசர்வில் ஒருவர் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். அவருடைய ஓய்வூதிய ஆண்டு ஒவ்வொரு முறையும் ஆகஸ்ட் 17 அன்று தொடங்கி, அடுத்த ஆகஸ்ட் 16 அன்று முடியும். 2012இல் அவரது பிரிவின் ஆண்டுப் பயிற்சி முகாம் ஜூலையில் நடந்தது. 2013இல் முகாம் ஆகஸ்ட் 18 முதல் 31 வரை நடந்தது. 2014இல் மீண்டும் ஜூலைக்கே திரும்பியது.

பிரிவின் கணக்கில் ஆண்டுக்கு ஒரு முகாம் தவறாமல் நடந்திருக்கிறது. வீரரின் ஓய்வூதிய ஏட்டிலோ 2012-13ஆம் ஆண்டில் முகாமே இல்லை. 2013-14இல் இரண்டு முகாம்கள். அதே 2012-13இல், தாயாரின் சிகிச்சைக்காக நான்கு வார இறுதிப் பயிற்சிகளுக்கு அவர் செல்லவில்லை என்றால், எஞ்சிய எட்டு வார இறுதிகளுக்கு 32 புள்ளிகள், உறுப்பினர் புள்ளிகள் 15, ஆக மொத்தம் 47. அடுத்த ஆண்டில் அவருக்குக் கிடைத்தவை 91. அந்த 91இலிருந்து மூன்றை எடுத்து 47உடன் சேர்க்க விதியில் இடமில்லை. 2013 முகாம் நான்கு நாள்கள் முன்னதாக, ஆகஸ்ட் 14 அன்று தொடங்கியிருந்தால் அந்த மூன்று புள்ளிகளும் உரிய ஆண்டிலேயே விழுந்திருக்கும்.

இப்போது இன்னொரு விவரத்தைச் சேர்த்துக்கொள்வோம். அந்த ஆண்டில் இதே வீரர் மூன்று வெவ்வேறு நாள்களில் இறுதிச் சடங்கு மரியாதைப் பணியில் ஈடுபட்டிருக்கிறார். அவற்றுக்குரிய மூன்று புள்ளிகளும் சேர்ந்தால் சரியாக 50. பணியை உறுதி செய்யும் படிவத்தில் அதிகாரி கையொப்பமும் இட்டிருக்கிறார். ஆனால், படிவம் பிரிவு அலுவலகத்தின் மேசையைத் தாண்டவில்லை. 2023 ஆகஸ்டில் 20 ஆண்டுகள் நிறைவடைந்துவிட்டதாக அவர் எண்ணியிருக்க, பதிவேடு 19 என்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முந்தைய மூன்று நாள்களை இப்போது அவர் நிரூபித்தாக வேண்டும்.

இந்த வீரர் கற்பனை. ஆனால், அவரது ஏட்டில் நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட ஒவ்வொன்றும் நடைமுறையில் நேரக்கூடியதே.

ஒரு புள்ளியின் மதிப்பு

ஓய்வூதியத் தொகையைக் கணக்கிடும் சூத்திரம் எளிமையானது. வாழ்நாளில் ஈட்டிய மொத்தப் புள்ளிகளை 360ஆல் வகுத்தால் முழுநேரச் சேவைக்கு இணையான ஆண்டுகள் கிடைக்கும். அதை 2.5 விழுக்காட்டால் பெருக்கி, அந்த விழுக்காட்டை உயர்ந்தபட்ச அடிப்படை ஊதியம் பெற்ற 36 மாதங்களின் சராசரிக்குப் பயன்படுத்துவார்கள். 1980 செப்டம்பர் 8ஆம் தேதிக்கு முன் படையில் சேர்ந்தவர்களுக்குச் சராசரிக்குப் பதிலாக இறுதி ஊதியம் அடிப்படையாகிறது. 2018 முதல் நடைமுறைக்கு வந்த கலப்பு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் இருப்பவர்களுக்கு 2.5க்குப் பதிலாக 2 விழுக்காடு.

ஆண்டுக்கு 78 புள்ளிகள் வீதம் 20 ஆண்டுகளுக்கு 1,560 புள்ளிகள் சேர்த்தவருக்கு இணையான சேவை 4.33 ஆண்டுகள். அவரது 36 மாதச் சராசரி அடிப்படை ஊதியம் 5,000 டாலர் என்று கொண்டால், மாத ஓய்வூதியம் சுமார் 542 டாலர். இதே கணக்கில் ஒற்றைப் புள்ளியின் மதிப்பு மாதத்துக்கு ஏறத்தாழ 35 சென்ட் மட்டுமே. மூன்று புள்ளிகள் என்றால் ஒரு டாலரைச் சற்றே தாண்டும்.

அதே மூன்று புள்ளிகள் ஓர் ஆண்டைத் தகுதி ஆண்டாக்குபவை என்றால், அவற்றின் மதிப்பு ஒரு டாலர் அன்று. 542 டாலர் முழுவதும். அதிலும் அது ஆயுள் முழுவதற்கும் உரிய தொகை. 60 வயதுக்குப் பின் கிடைக்கும் டிரைகேர் எனும் ராணுவ மருத்துவக் காப்புறுதியும், வாழ்க்கைத் துணைக்கான குடும்ப ஓய்வூதியத் திட்டமும் இதே 20 ஆண்டுத் தகுதியைச் சார்ந்தவை. பல ஆண்டு உழைப்பை ஒரே எல்லைக்கோட்டில் நிறுத்தும் இந்த விதி கடுமையானது என்பதில் ஐயமில்லை.

பெரிய விடுபடல்களும் உண்டு. ஓர் ஆண்டு முழுநேரப் பணிக்காக வெளிநாடு சென்றவருக்கு அந்த ஆண்டில் 365 புள்ளிகள் கிடைக்க வேண்டும். அந்தப் பணிக்கான சான்று கோப்பில் சேராமல், அதற்குப் பதிலாக வழக்கமான 78 புள்ளிகள் மட்டுமே இடம்பெற்றிருந்தால் இழப்பு 287 புள்ளிகள். மேற்சொன்ன அதே ஊதியத்தில் அது மாதத்துக்கு ஏறக்குறைய 100 டாலர்.

பிழை நுழையும் வழிகள்

புள்ளிக் கணக்கு ஒரே இடத்தில் எழுதப்படுவதில்லை என்பதே அடிப்படைக் காரணம். வார இறுதிப் பயிற்சிக்கு வந்தவர்களின் வருகைப் பதிவு பிரிவு அலுவலகத்தில் தொடங்குகிறது. அங்கிருந்து ஊதியக் கணக்குக்கும், பின்னர் மனிதவள அலுவலகத்தின் ஓய்வூதிய ஏட்டுக்கும் செல்கிறது. முழுநேரப் பணி முடிந்ததும் வழங்கப்படும் 'டிடி 214' எனும் விடுவிப்புச் சான்று வேறொரு தடத்தில் பயணிக்கிறது. ஊதியமில்லாப் பயிற்சிகளையும் இறுதிச் சடங்குப் பணிகளையும் ராணுவ ரிசர்வில் 'டிஏ 1380' எனும் படிவம் சுமந்து செல்கிறது. இவற்றில் எந்தக் கண்ணி அறுந்தாலும் புள்ளி வந்து சேராது.

டிடி 214 சான்று பொதுவாகத் தொடர்ந்து 90 நாள்களோ அதற்கு மேலோ முழுநேரப் பணியாற்றிய ரிசர்வ் வீரர்களுக்கே வழங்கப்படுகிறது. 30 நாள், 45 நாள் எனக் குறுகிய பணிகளுக்குச் சென்றவர்களிடம் பணி ஆணையும் சம்பளச் சீட்டும் மட்டுமே இருக்கும். அவற்றை எறிந்துவிட்டால் சான்று தேடுவது மிகக் கடினமாகிறது.

ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாறியவர்களின் ஏடுகளில் வேறு வகைப் பிழை காணப்படுவதுண்டு. நேஷனல் கார்டிலிருந்து ராணுவ ரிசர்வுக்கு இடைவெளியின்றி மாறியவரின் ஓய்வூதிய ஆண்டுத் தொடக்கத் தேதி மாறக் கூடாது. சேவையில் இடைவெளி விழுந்தால் மட்டுமே புதிய தேதி வரும். மாற்றத்தின்போது புதிய பிரிவு தன் போக்கில் ஒரு தேதியைப் பதிவு செய்துவிட்டால், அதன்பின் வரும் எல்லா ஆண்டுகளின் எல்லைகளும் நகர்ந்துவிடும். பணியாற்றிய நாள்கள் அனைத்தும் பதிவில் இருக்கும்; ஆனால் தவறான ஆண்டுகளில் இருக்கும். 50 புள்ளிகளைத் தாண்டிய ஆண்டு 46ஆகச் சுருங்க இது ஒன்றே போதும்.

பிழை எப்போதும் வீரருக்கு எதிராகவே இருப்பதும் இல்லை. ஒரே நாள் பயிற்சி அமர்வாகவும் முழுநேரப் பணியாகவும் இருமுறை பதிவாகலாம். அத்தகைய மிகைப் புள்ளிகளைக் கண்டும் காணாமல் இருப்பவர்கள் பின்னாளில் இறுதித் தணிக்கையில் அவை நீக்கப்படுவதைப் பார்க்க நேரிடும். ஓய்வூதியம் தொடங்கிய பிறகு தெரியவந்தால், கூடுதலாகப் பெற்ற தொகை கடனாக மாறவும் கூடும்.

எல்லாக் குறைவும் பிழை அன்று என்பதையும் சொல்ல வேண்டும். பயிற்சி அமர்வு, படிப்பு, உறுப்பினர் நிலை ஆகியவற்றால் வரும் புள்ளிகளுக்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு. 1996 செப்டம்பர் 23க்கு முன் முடிந்த ஆண்டுகளுக்கு அது 60. அதன் பிறகு 75ஆகவும், 2000 அக்டோபர் 30 முதல் 90ஆகவும், 2007 அக்டோபர் 30 முதல் 130ஆகவும் உயர்த்தப்பட்டது. முழுநேரப் பணி நாள்களுக்கும் இறுதிச் சடங்குப் பணிக்கும் இந்த வரம்பு பொருந்தாது. 1990களின் தொடக்கத்தில் 70 புள்ளிகளுக்குப் பயிற்சி பெற்றவரின் ஏட்டில் 60 மட்டுமே ஓய்வூதியத்துக்குக் கணக்கிடப்பட்டிருந்தால், அது அன்றைய விதியின் விளைவே. திருத்தம் கோரி அனுப்பினாலும் பயன் இராது.

திருத்தம் கோரும் வழி

முதலில் தேவைப்படுவது ஆண்டுவாரியான புள்ளிப் பட்டியல். ராணுவ ரிசர்வில் இது 'டிஏ 5016' என்றும், ராணுவ நேஷனல் கார்டில் 'என்ஜிபி 23' என்றும் அறியப்படுகிறது. மற்றப் படைகளிலும் வேறு பெயர்களில் இதே பட்டியல் உண்டு. ஒவ்வொரு வரியிலும் ஓர் ஓய்வூதிய ஆண்டின் தொடக்கம், முடிவு, உறுப்பினர் புள்ளிகள், பயிற்சிப் புள்ளிகள், முழுநேரப் பணிப் புள்ளிகள், அது தகுதி ஆண்டா இல்லையா என்பன இருக்கும்.

இந்தப் பட்டியலையும் கையில் உள்ள ஆவணங்களையும் அருகருகே வைத்து ஆண்டு ஆண்டாக ஒப்பிடுவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. தொடக்கத் தேதி சரியா என்பதை முதலில் பார்ப்பது நலம். அது தவறென்றால் மற்றவற்றைச் சரிபார்ப்பதில் பொருளில்லை. அடுத்து, 50க்குச் சற்றுக் கீழே நிற்கும் ஆண்டுகள். அதன் பின்னரே மற்ற விடுபடல்கள்.

கோரிக்கையைப் பணியில் இருப்பவர்கள் தங்கள் பிரிவின் நிர்வாக அலுவலகம் வழியாகவே அனுப்ப வேண்டும். நேஷனல் கார்டில் ஒவ்வொரு மாகாணத் தலைமையகத்திலும் ஓய்வூதியப் புள்ளிக் கணக்குக்கென ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். ராணுவ ரிசர்வின் ஏடுகளைக் கென்டக்கி மாகாணத்தின் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள மனிதவளத் தலைமையகம் பராமரிக்கிறது. ரிசர்விலிருந்து ஓய்வு பெற்று, ஓய்வூதிய வயதை எட்டாமல் காத்திருப்பவர்கள் 'கிரே ஏரியா' ஓய்வாளர்கள் எனப்படுகின்றனர். பிரிவு அலுவலகம் என்று ஒன்று இவர்களுக்கு இல்லாததால் நேரடியாகத் தலைமையகத்தையே அணுக வேண்டியிருக்கிறது.

'எனக்குப் புள்ளிகள் குறைகின்றன' என்ற பொதுவான முறையீட்டுக்குப் பலன் கிடைப்பது அரிது. இந்த ஆண்டில், இந்தத் தேதிகளில், இந்த ஆணையின்படி ஆற்றிய பணி பதிவாகவில்லை என்று குறிப்பாகச் சொல்லி, ஒவ்வொரு கோரிக்கைக்கும் அதற்குரிய சான்றை இணைத்தால்தான் ஏட்டைப் பராமரிப்பவர் அதன்மீது நடவடிக்கை எடுக்க இயலும். பணி ஆணை மட்டும் போதுமானதாகக் கருதப்படுவதில்லை. ஆணை என்பது பணிக்குச் செல்லுமாறு கூறுவது. சென்றதைக் காட்டுவது அன்று. சம்பளச் சீட்டு, விடுவிப்புச் சான்று, கையொப்பமிட்ட பணி உறுதிப் படிவம், படிப்பு நிறைவுச் சான்றிதழ் ஆகியவையே பணி நிறைவேறியதைக் காட்டுகின்றன. நம் எடுத்துக்காட்டு வீரருக்கு இறுதிச் சடங்குப் பணிக்கான படி வழங்கப்பட்டிருந்தால், அந்தத் தொகை இடம்பெற்ற சம்பளச் சீட்டு அவரது வழக்கை மீட்கக்கூடும்.

அமெரிக்க ராணுவம் தன் ஊதியத்தையும் மனிதவளப் பதிவுகளையும் ஒருங்கிணைக்கும் 'ஐபிபிஎஸ்-ஏ' எனும் கணினி அமைப்புக்கு மாறியுள்ளது. நேஷனல் கார்டு முதலில் மாறியது; 2023 ஜனவரியில் முழுநேர ராணுவமும் ராணுவ ரிசர்வும் இணைந்தன. பழைய ஏட்டில் இருந்த பிழை புதிய அமைப்புக்கு மாறியதால் தானாக நீங்கிவிடாது. மாற்றத்துக்கு முன் அச்சிட்டு வைத்த பட்டியல் கையில் இருந்தால் ஒப்பிடுவது எளிது.

அரசு வசம் உள்ள மூலப்பிரதி என்றைக்கும் பத்திரமாக இருக்கும் என்று நம்ப இயலாது என்பதற்கு 1973 ஜூலை 12 அன்று மிசௌரி மாகாணத்தின் செயின்ட் லூயிஸ் நகர் அருகே நிகழ்ந்த தீ விபத்து சாட்சி. தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் பரவிய அந்தத் தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான படைவீரர் கோப்புகள் அழிந்தன. 1912 முதல் 1960 வரை ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு மீளவில்லை. அவற்றுக்கு நகலோ நுண்படச் சுருளோ இல்லை. ஊதியப் பதிவுகள் போன்ற வேறு இடங்களில் இருந்த துண்டுத் தகவல்களைக் கொண்டே பலரது சேவையை மறுபடியும் நிறுவ வேண்டியிருந்தது.

வாரியத்திடம் முறையீடு

நிர்வாக அலுவலகங்கள் கோரிக்கையை மறுத்தால் அடுத்த படி, ராணுவப் பதிவேடு திருத்த வாரியம். இரண்டாம் உலகப் போர் முடியும் வரை, தம் பதிவேட்டில் உள்ள அநீதியைத் திருத்த விரும்பிய படைவீரர் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரைப் பிடித்து, தமக்கென ஒரு தனி மசோதாவையே நிறைவேற்றச் செய்ய வேண்டியிருந்தது. இத்தகைய மசோதாக்களின் சுமையைக் குறைக்க 1946இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, அந்த அதிகாரத்தைப் படைத்துறைச் செயலர்களிடம் ஒப்படைத்தது. அவர்கள் குடிமை அதிகாரிகள் அடங்கிய வாரியங்கள் வழியாக அதைச் செயல்படுத்துகின்றனர். ராணுவம், கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல்படை ஆகியவற்றுக்குத் தனித்தனி வாரியங்கள் உள்ளன.

'டிடி 149' படிவத்தில் மனு அளிக்க வேண்டும். பிழை தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு வர வேண்டும் என்பது விதி. நீதியின் நலன் கருதித் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. உயிரிழந்த வீரரின் சார்பில் அவரது வாழ்க்கைத் துணையோ சட்டப்படியான வாரிசோ மனு செய்யலாம். பெரும்பாலான மனுக்களைப் பத்து மாதங்களிலும், எஞ்சியவற்றை 18 மாதங்களிலும் முடிக்க வேண்டும் எனச் சட்டம் வரையறுக்கிறது.

வாரியம் விசாரணை அமைப்பு அன்று. ஆவணங்களைத் தேடித் தருவது அதன் வேலையில்லை. பதிவேடு சரி என்ற அனுமானத்திலிருந்தே அது தொடங்குகிறது. தவறு என்று நிறுவும் பொறுப்பு மனுதாரருடையது. கீழ்நிலையில் உள்ள திருத்த வழிகளை முயன்று பார்க்காமல் நேரடியாக வந்தால், மனு திருப்பி அனுப்பப்படும். வாரியமும் மறுத்துவிட்டால் எஞ்சுவது மத்திய நீதிமன்றம்.

இருபது ஆண்டுக் கடிதம்

20 தகுதி ஆண்டுகள் நிறைவடைந்த ஓராண்டுக்குள் வீரருக்கு எழுத்துப்பூர்வ அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். 'இருபது ஆண்டுக் கடிதம்' என்று படையினரிடையே வழங்கும் இந்த ஆவணத்துக்குச் சட்டம் அளித்துள்ள பாதுகாப்பு குறிப்பிடத்தக்கது. கடிதம் வழங்கப்பட்ட பிறகு, கணக்கில் தவறு நேர்ந்துவிட்டது என்று கூறி ஓய்வூதியத் தகுதியையே அரசு பறிக்க முடியாது. வீரரின் மோசடியோ பொய்த் தகவலோ காரணமாக இருந்தால் மட்டுமே விதிவிலக்கு. புள்ளிகளின் எண்ணிக்கையைத் திருத்தித் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ அதிகாரம் உண்டு. தகுதியைத் தொட இயலாது.

குடும்ப ஓய்வூதியத் திட்டத்தில் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டிய 90 நாள் அவகாசமும் இந்தக் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. எனவே, கடிதம் தாமதமாவது வீரரின் எதிர்காலத்தை மட்டுமன்றி, 60 வயதுக்கு முன் அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் குடும்பத்தின் நிலையையும் பாதிக்கிறது. இதன் பாரத்தைப் பலர் உணர்வதில்லை.

60 வயது வரம்பிலும் ஒரு தளர்வு உள்ளது. 2008 ஜனவரி 28க்குப் பிறகு ஆற்றிய குறிப்பிட்ட வகை முழுநேரப் பணியில், மொத்தம் சேரும் ஒவ்வொரு 90 நாளுக்கும் ஓய்வூதியம் தொடங்கும் வயது மூன்று மாதங்கள் முன்னதாக வரும். 50 வயதுக்குக் கீழே அது இறங்காது. தொடக்கத்தில் அந்த 90 நாள்களும் ஒரே நிதியாண்டுக்குள் அமைய வேண்டியிருந்தது. 2014 செப்டம்பர் 30க்குப் பிந்தைய பணிக்கு, அடுத்தடுத்த இரு நிதியாண்டுகளில் பரவியிருந்தாலும் ஏற்கப்படுகிறது. எந்தச் சட்டப் பிரிவின் கீழ் பணிக்கு அழைக்கப்பட்டார் என்பதைப் பணி ஆணையே காட்டும். வழக்கமான ஆண்டுப் பயிற்சி முகாம் இதில் சேராது. இப்படி 57 வயதிலேயே ஓய்வூதியம் பெறத் தொடங்குபவரும் டிரைகேர் காப்புறுதிக்கு 60 வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

வயது வந்ததும் ஓய்வூதியம் தானாக வங்கிக் கணக்கில் சேர்ந்துவிடாது என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். அதற்கென விண்ணப்பம் அளிக்க வேண்டும். முகவரி மாறியதைத் தெரிவிக்காத கிரே ஏரியா ஓய்வாளருக்கு நினைவூட்டல்கூட வந்து சேராமல் போகலாம்.

இந்தியத் தொடர்பு

இந்தியாவில் இதற்கு நெருக்கமான அமைப்பு, 1949 அக்டோபர் 9 அன்று அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கி வைத்த டெரிட்டோரியல் ஆர்மி எனப்படும் பிராந்திய ராணுவம். இங்கே புள்ளி முறை இல்லை. படையில் பெயர் இருந்த காலம் அன்றி, பணிக்கு அழைக்கப்பட்டுச் சேவையில் இருந்த காலமே ஓய்வூதியத்துக்கு எண்ணப்படுகிறது. ஜவான்களுக்கு அத்தகைய 15 ஆண்டுகளும் அதிகாரிகளுக்கு 20 ஆண்டுகளும் தேவை. கணக்கு முறை வேறானாலும், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்ற பதிவே இங்கும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

அமெரிக்க விதிகள் இந்தியக் குடும்பங்கள் சிலவற்றை நேரடியாகவே தொடுகின்றன. குடியுரிமை பெறாத, ஆனால் சட்டப்படி அமெரிக்காவில் வசித்த வெளிநாட்டவரில் மருத்துவத் தகுதியோ குறிப்பிட்ட மொழிப் புலமையோ கொண்டவர்களைப் படையில் சேர்க்கும் 'மாவ்னி' எனும் திட்டத்தை அமெரிக்கா 2009இல் நடைமுறைப்படுத்தியது. அதற்கான மொழிகளில் தமிழ், மலையாளம், இந்தி, பஞ்சாபி ஆகியவையும் இடம்பெற்றிருந்தன. 2016இல் புதிய சேர்க்கை நிறுத்தப்பட்டது. திட்டத்தின் வழியே சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் ரிசர்வ் பிரிவைத் தேர்ந்தெடுத்தனர். வேறு சிலர் முழுநேரப் பணியை முடித்துவிட்டு ரிசர்வுக்கு மாறினர்.

2009இல் சேர்ந்து, ஓர் ஆண்டையும் தவறவிடாமல் தொடர்பவர்களுக்கு 20 தகுதி ஆண்டுகள் நிறைவடைவது 2029இல். 18 ஆண்டுகளை முடித்து 20ஐ எட்டாத நிலையில் உள்ள ரிசர்வ் வீரரை அவரது விருப்பத்துக்கு மாறாகப் பணியிலிருந்து விலக்குவதற்குச் சட்டம் பெருமளவு தடை விதிக்கிறது. அந்தத் தடை பொருந்துமா என்பதும் பதிவேட்டில் உள்ள ஆண்டுக் கணக்கைக் கொண்டே முடிவு செய்யப்படும். கையொப்பமிட்ட அதிகாரி இன்னும் பணியில் இருக்கிறாரா, சம்பளச் சீட்டைத் தரவிறக்க முடியுமா என்பன போன்ற கேள்விகளுக்கு இன்றைக்குக் கிடைக்கும் விடை, 60 வயதில் விண்ணப்பிக்கும்போது கிடைக்க வாய்ப்பில்லை.